இரண்டு டிரம் போட்டேன், ஒன்றுதான் கரைந்தது: மீன் கழிவில் பயிர் ஊக்கி

செதில்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மீன் வெட்டிப் பதப்படுத்தும் கூடம் ஒன்றில் கழிவுப் பக்கம் என் பொறுப்பு. உள்ளே வரும் மீனில் ஏறத்தாழ பாதி எடை தலை, முள், தோல், செவுள், குடல் என்று என்னிடம் வந்து சேரும். இதுவரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தோம். மீன் அமிலம் (கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கும் சாறு) செய்து பயிருக்குக் கொடுக்கலாமே என்று தோன்றியதால் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டில் முயன்று பார்த்தேன்.

முதல் டிரம்மில் 60 கிலோ பச்சைக் கழிவு. குடல் நிறைய இருந்தது, எல்லாம் சின்னத் துண்டு. இரண்டாவதில் 60 கிலோ தலை மட்டும், முழுசு முழுசாக. இரண்டிலும் 20 கிலோ வெல்லத்தைத் தூளாக்கிப் போட்டு மூடிவைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் முதல் டிரம்மில் மேலே எண்ணெய், நடுவில் பழுப்புச் சாறு, அடியில் முள். வாசனை புளிப்பும் மீனும் கலந்த மாதிரி, பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவது டிரம்மைத் திறந்ததும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வெளியே ஓடிவிட்டார்கள். தலை தலையாகவே மிதக்கிறது. புழு வேறு.

அதே வெல்லம், அதே மூடி, அதே நிழல். ஏன் இப்படி? அப்புறம், முதல் டிரம் சாற்றை எந்த அளவில் தெளிப்பது?

---

வரப்புமேடு

தம்பி, வெல்லத்தில் கை சுருக்கிவிட்டீர்கள். மீனும் வெல்லமும் சம எடை, அதுதான் கணக்கு. ஆறு வருடமாகக் காய்கறிக்கு நான் செய்வது அப்படித்தான். விரல் நீளத்துக்கு மேல் துண்டு இருக்கக் கூடாது. டிரம்மில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. வாயில் துணி கட்டி அதன் மேல் மூடியைத் தளர்வாக வையுங்கள். இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து மூடி பறக்கும். எனக்குப் பறந்திருக்கிறது, சட்டையை எரிக்கத்தான் வேண்டியிருந்தது.

தெளிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. இளம் நாற்றுக்கு 2 மில்லி போதும். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

---

அமிலமானி

வரப்புமேடு ஐயா சொன்ன முறை நடக்கிற முறைதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் டிரம்மும் மூன்றில் ஒரு பங்கு வெல்லத்தில்தானே போட்டது? அது ஏன் கெடவில்லை? சர்க்கரை மட்டும் காரணமில்லை.

செதில்காரன், மூன்று கேள்வி. இரண்டாவது டிரம்மில் போட்ட தலைகள் பச்சையா, ஆவியில் வெந்தவையா? துண்டாக்காமல் போட்டது ஏன்? பிஹெச் (புளிப்பின் அளவு, 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) பார்த்தீர்களா?

---

செதில்காரன்

அக்கா, சரியாகப் பிடித்தீர்கள். டின்னில் அடைக்கும் பிரிவிலிருந்து வந்த தலைகள், ஆவியில் வெந்தவை. வெந்ததுதானே, சீக்கிரம் கரையும் என்று நினைத்து வெட்டாமல் போட்டேன். பிஹெச் தாள் இன்றுதான் வாங்கினேன். முதல் டிரம் 4-க்கும் 4.5-க்கும் நடுவில் காட்டுகிறது. இரண்டாவது 7-க்கு மேல்.

---

அமிலமானி

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் கழிவைக் கரைப்பது நீங்களும் இல்லை, வெல்லமும் இல்லை. மீனின் குடலிலும் வயிற்றிலும் இருக்கும் செரிமான நொதிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. பெப்சின், டிரிப்சின் மாதிரியானவை. உயிரோடு இருந்தபோது இரையைச் செரித்தவை, செத்தபின் மீனையே செரிக்கின்றன. புரதம் உடைந்து சின்னச் சின்னப் பெப்டைடாகவும் அமினோ அமிலமாகவும் ஆகிறது. பயிருக்கு நாம் கொடுக்க நினைப்பது இவற்றைத்தான்.

இதே புரதத்துக்காகப் போட்டியிடும் இன்னொரு கூட்டம் உண்டு, அழுகல் பாக்டீரியா. அவை அமினோ அமிலத்தோடு நிற்பதில்லை. அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, புட்ரசின், கடாவெரின் என்று கொண்டுபோய்விடும். அம்மோனியா காரம் என்பதால் பிஹெச் ஏறும். பிஹெச் ஏற ஏற அந்தக் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். உங்கள் 7 அப்படி வந்ததுதான்.

நொதி வேலை செய்ய வேண்டும், அழுகல் மட்டும் நடக்கக் கூடாது. அதற்கு வழி அமிலம். பிஹெச் 4-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் அழுகல் பாக்டீரியா சுருண்டுவிடும். வயிற்று நொதியான பெப்சினுக்கோ அமிலம்தான் பிடிக்கும். வெல்லம் போடுவதன் பயன் இரண்டு. ஒன்று, நீரை இழுத்துக் கட்டிவைத்துக்கொள்கிறது. இரண்டு, லாக்டிக் அமில பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது, அவை அமிலம் உண்டாக்குகின்றன. முதல் டிரம்மில் இரண்டும் நடந்தது.

இரண்டாவதில் எதுவும் நடக்கவில்லை. வேகவைத்ததில் நொதி செத்துவிட்டது. தலையில் குடலும் இல்லை. வெட்டாததால் வெல்லச்சாறு உள்ளே இறங்கவில்லை. இன்னொன்றும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை: தலை என்றால் பெரும்பாலும் எலும்பு. எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் அமிலத்தைக் குடித்துவிடும். கொஞ்சம் அமிலம் உண்டானாலும் பிஹெச் இறங்காது. முள்ளும் தலையும் மிகுந்த கழிவுக்கு எப்போதுமே கூடுதல் அமிலம் தேவை.

வெந்த கழிவு வீண் என்று சொல்லவில்லை. அரைத்து, பச்சைக் குடலோடு கலந்துவிடுங்கள். குடலில் இருக்கும் நொதி வெந்த சதையையும் சேர்த்துக் கரைக்கும். குடல் கிடைக்கவில்லை என்றால் பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பாயின், அன்னாசித் தோலில் இருக்கும் புரோமலைன் இரண்டும் இதே வேலையைச் செய்யக்கூடிய நொதிகள்.

---

செதில்காரன்

அக்கா, நன்றி. ஒரு விஷயம் இடிக்கிறது. எனக்கு ஒரு நாளைக்கு 300 கிலோ கழிவு வரும். சம எடை வெல்லம் என்றால் தினம் 300 கிலோ வெல்லம். நடக்கிற காரியமா?

---

அமிலமானி

நடக்காது. சம எடைக் கணக்கு வீட்டளவுக்கானது. எதையும் அளக்காமல், கெடாமல் வரவேண்டும் என்றால் சர்க்கரையை அள்ளிப் போடுவதே பாதுகாப்பு. ஆலை அளவில் இரண்டு வழி.

முதல் வழி நொதிக்கவைப்பது. கழிவை 10 மில்லிமீட்டர் அளவுக்கு அரைத்து, 100 கிலோவுக்கு 10 முதல் 15 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) சேர்த்து, லாக்டோபேசில்லஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா உள்ள தொடக்கக் கரைசலையும் ஊற்ற வேண்டும். முந்தைய நல்ல தொகுதியின் சாற்றையே தொடக்கமாகப் பயன்படுத்தலாம். இரண்டு மூன்று நாளில் பிஹெச் 4.5-க்குக் கீழே வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், அமிலம் சேர்த்து இறக்குங்கள்.

இரண்டாவது வழி நேரடியாக அமிலம். மீன் சைலேஜ் என்பார்கள், கால்நடைத் தீவனத்துக்காக வெகுகாலமாகச் செய்வது. அரைத்த கழிவு 100 கிலோவுக்குச் செறிந்த ஃபார்மிக் அமிலம் 3 முதல் 3.5 கிலோ. பிஹெச் 4 அல்லது அதற்குக் கீழே. கந்தக அமிலம் போன்ற கனிம அமிலத்தை மட்டும் பயன்படுத்தினால் 2 வரை இறக்க வேண்டியிருக்கும். ஃபார்மிக் அமிலம் தானே பாக்டீரியாவைத் தடுக்கும் தன்மை உள்ளது என்பதால் 4-லேயே நிற்கலாம். பச்சைக் கழிவு 20 டிகிரியில் இரண்டு நாளில் நீர்த்துவிடும். 10 டிகிரியில் ஐந்து முதல் பத்து நாள் பிடிக்கும். வெப்பமான இடத்தில் இன்னும் வேகம்.

ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கிவிடும், ஆவி கண்ணை எரிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள். இரும்பு டிரம், துத்தநாகம் பூசிய வாளி எதுவும் கூடாது. பிளாஸ்டிக் மட்டும்.

4.6 என்ற எண்ணை மனத்தில் வையுங்கள். மூடிய கலனில், காற்றில்லாமல் மீன் இருக்கும்போது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கொடிய நஞ்சுக் கிருமி வளரக்கூடும். பிஹெச் 4.6-க்குக் கீழே அது வளராது. நாம் குடிக்கப்போவதில்லைதான், ஆனால் கை வைக்கிறோம், தெளிக்கும்போது முகத்தில் படுகிறது.

---

மாடித்தொட்டி

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. என் சாறு டிரம்மில் இருக்கும்போது அவ்வளவாக நாறவில்லை. தண்ணீரில் கலந்ததும் மாடி முழுக்க மீன் நாற்றம். பூனைகள் மாநாடு போடுகின்றன. கலப்படமா?

---

அமிலமானி

கலப்படம் இல்லை, உங்கள் தண்ணீர்தான். கடல் மீனின் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்தில் அமின். அது ஒரு காரம். அமிலத்தில் இருக்கும்போது உப்பாகக் கட்டுண்டு கிடக்கும், ஆவியாகாது. உப்புத்தன்மையும் காரத்தன்மையும் உள்ள நிலத்தடி நீரில் கலந்ததும் பிஹெச் ஏறுகிறது, கட்டு அவிழ்கிறது. மூக்குக்கு அதில் துளி போதும். தெளிக்கும் தண்ணீரில் முதலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ விட்டு பிஹெச்சை 6-க்குக் கொண்டுவந்து, பிறகு மீன் சாற்றைக் கலந்து பாருங்கள். பூனைகளுக்கு என்னிடம் மருந்தில்லை.

---

சந்தேகி

இவ்வளவு நேரம் எப்படிச் செய்வது என்று பேசினீர்கள். எதற்குச் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வரப்புமேடு ஐயாவின் முறையிலேயே கணக்குப் போடுவோம். 10 கிலோ மீன் கழிவில் புரதம் 15 சதம் என்றால் ஒன்றரைக் கிலோ. புரதத்தில் 16 சதம் தழைச்சத்து (நைட்ரஜன்), ஆக 240 கிராம். 10 கிலோ வெல்லம் சேர்ந்து 20 கிலோ கலவை. முள்ளோடு போவதைக் கழிக்காமல், முழுவதும் சாற்றில் இறங்கியதாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோவுக்கு 12 கிராம். லிட்டருக்கு மிஞ்சிப்போனால் 14 கிராம்.

ஒரு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 5 மில்லி, ஆக ஒரு லிட்டர் சாறு. அதாவது ஏக்கருக்கு 14 கிராம் தழைச்சத்து, 30 கிராம் யூரியாவுக்குச் சமம். ஒரு டன் மக்காச்சோளம் விளைய பயிர் எடுத்துக்கொள்வது சுமார் 20 கிலோ தழைச்சத்து. நாம் பேசுவது கிராமில்.

"மீன் அமிலம் போட்டேன், வேறு உரமே வேண்டாம்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அவர்கள் மண்ணில் ஏற்கெனவே போட்டுவைத்த தொழு உரம்தான் பயிரை வளர்க்கிறது. பெயர் மட்டும் மீனுக்கு.

---

வரப்புமேடு

தம்பி, கணக்கு உங்களுடையது, கண் என்னுடையது. தெளித்த நாலாம் நாள் கத்தரி இலையில் ஏறும் பச்சை எனக்குத் தெரியும். 30 கிராம் யூரியா ஏக்கருக்குத் தெளித்தால் அந்தப் பச்சை வருமா?

---

சந்தேகி

வருமா வராதா என்று தெளித்துப் பார்த்தீர்களா, ஐயா? அதுதான் என் கேள்வியே.

---

அமிலமானி

இருவரும் சண்டை போடாமல் இருந்தால் ஒரு வார்த்தை. கணக்கு சரி. நான் மறுபடி போட்டுப் பார்த்தேன், பிழை இல்லை. இது உரம் இல்லை என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. ஆனால் உரமாக இல்லாதது எல்லாம் பயனற்றது என்று ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு உரப் பொருள் ஒழுங்குமுறை, பயிர் உயிரூக்கியை வரையறுக்கும்போதே அதில் உள்ள சத்தின் அளவைப் பொருட்படுத்தாமல் பயிரின் ஊட்ட இயக்கங்களைத் தூண்டுவது என்றுதான் சொல்கிறது. சத்தைப் பயன்படுத்தும் திறன், வறட்சி, உப்பு, வெப்பம் போன்றவற்றைத் தாங்கும் திறன், விளைச்சலின் தரம், வேரைச் சுற்றி மண்ணில் சிக்கிக் கிடக்கும் சத்தைப் பயிருக்கு எட்டவைப்பது, இவற்றில் ஒன்றையாவது மேம்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

புரதத்தை உடைத்துக் கிடைக்கும் இந்த மாதிரிச் சாறு அந்த வகை. அமினோ அமிலம் இலை வழியாகவும் வேர் வழியாகவும் உள்ளே போகும். கிளைசின் என்ற அமினோ அமிலம் நுண்ணூட்டத்தைக் கட்டி எடுத்துச் செல்லும். புரோலின் என்ற இன்னொன்று வறட்சியில் செல்லின் நீரைக் காக்கும். மீன் தோலிலும் செதிலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் இந்த இரண்டுமே மிகுதி. சில குட்டிப் பெப்டைடுகள் ஹார்மோன் போல நடந்துகொள்கின்றன. இவற்றுக்கெல்லாம் கிராம் கணக்கே போதும்.

சந்தேகி சொல்வதிலும் நியாயம் உண்டு. நல்ல மண்ணில், நீரும் சத்தும் குறைவில்லாமல் வளரும் பயிரில் இதன் விளைவு மங்கலாகத்தான் தெரியும். வெயில், உப்பு, நட்ட அதிர்ச்சி என்று பயிர் தவிக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும்.

கடையில் வாங்கும்போதும் பார்த்து வாங்குங்கள். அமினோ அமிலம் என்று விற்பதில் சில, கொதிக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் புரதத்தை உடைத்தவை. அதில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் முழுவதும் அழிந்துபோகும், மற்றவற்றில் ஒரு பகுதி உயிர்கள் பயன்படுத்தாத கண்ணாடிப் பிம்ப (இடவல மாறிய) வடிவத்துக்குத் திரும்பிவிடும், அமிலத்தை நடுநிலையாக்கும்போது உப்பும் ஏறும். டிரிப்டோபேன்தான் ஆக்ஸின் என்ற வேர்த்தூண்டிக்கு மூலப்பொருள். நொதியால் மெதுவாகக் கரைத்த உங்கள் டிரம் சாறு அந்த வகையில் மேல்.

---

சந்தேகி

ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. செதில்காரன், சோதனை வைக்கிறீர்களா? நாலு வகை. வெறும் தண்ணீர், மீன் சாறு, அதே அளவு தழைச்சத்து வரும்படி யூரியா கரைத்த தண்ணீர், அதே அளவு வெல்லம் கரைத்த தண்ணீர். நாலாவது முக்கியம். உங்கள் சாற்றில் கால் பங்கு வெல்லம், இலை மேல் இருக்கும் நுண்ணுயிருக்கும் அது தீனிதான்.

ஒவ்வொன்றையும் நாலு இடத்தில் வையுங்கள், இடத்தைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். நல்ல மண் இருக்கும் மூலையை மீனுக்குக் கொடுத்துவிட்டுப் படம் போடாதீர்கள். அளப்பவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. மீனும் யூரியாவும் ஒன்றாக வந்தால் தழைச்சத்துதான் வேலை செய்தது. மீன் மட்டும் முந்தினால் நான் தொப்பியைக் கழற்றுகிறேன்.

---

ஓட்டுக்குவியல்

நான் இறால் உரிக்கும் பக்கம். எங்கள் ஓட்டையும் தலையையும் இதே டிரம்மில் சேர்த்துவிடலாமா? செதில்காரனுக்கும் எனக்கும் ஒரே வேலையாகப் போகும்.

---

அமிலமானி

தயவுசெய்து வேண்டாம். இறால் ஓட்டில் கால்சியம் கார்பனேட் நிறைய. அமிலத்தில் பட்டதும் பொங்கும், அமிலத்தைத் தின்று பிஹெச்சை ஏற்றிவிடும், மீன் அழுகிப்போகும். மூடிய டிரம்மானால் வாயு வேறு.

ஓட்டின் மதிப்பு வேறு இடத்தில், ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளில். காய்ந்த ஓட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். அதைக் கைட்டோசானாக மாற்ற 40, 50 சத சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்க வேண்டும், கழிவுநீர்த் தலைவலி தனி. அதைக் கொல்லையில் செய்யச் சொல்ல மாட்டேன். உலர்த்தி, பொடித்து, மட்கும் குவியலில் சேருங்கள். கைட்டினைத் தின்னும் நுண்ணுயிர் பெருகும். பூஞ்சையின் செல்சுவரிலும் நூற்புழுவின் முட்டை ஓட்டிலும் கைட்டின் உண்டு என்பதால் அவற்றையும் அவை விட்டுவைப்பதில்லை. காரமான மண்ணுக்கு அளவாகப் போடுங்கள், ஓட்டில் சுண்ணாம்பு இருக்கிறது.

---

செதில்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அரைவை இயந்திரம் கிடைத்தது. பச்சைக் குடல் மூன்றில் ஒரு பங்கு, மீதி தலையும் முள்ளும் அரைத்துச் சேர்த்து, மொலாசஸ் 15 சதம், பழைய முதல் டிரம் சாறு ஐந்து லிட்டர் தொடக்கமாக. இரண்டாம் நாள் 5, நாலாம் நாளும் 4.8-இல் நின்றது. அக்கா சொன்னபடி காத்திருக்காமல் கொஞ்சம் ஃபார்மிக் விட்டு 4-க்கு இறக்கினேன். முள்தான் காரணம் என்று இப்போது புரிகிறது. நாற்றம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் யாரும் ஓடவில்லை.

இப்போது மேலதிகாரிக்கு ஆசை வந்துவிட்டது. தரைக்கு அடியில் பழைய 5,000 லிட்டர் கான்கிரீட் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, அதிலேயே மொத்தமாகப் போடலாம் என்கிறார். அடியில் தேங்கும் முள்ளை ஆள் இறங்கி அள்ளிவிடலாமாம்.

---

கலன்காவல்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். வேண்டாம். தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட.

அழுகும் மீனிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும், நொதித்தலில் கார்பன் டை ஆக்சைடு வரும். இரண்டுமே காற்றை விடக் கனமானவை, குழியின் அடியில் தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "வாடை போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கும் அந்த நேரம்தான் சாவு நேரம். முதலில் இறங்கியவர் விழுவார், தூக்க இறங்கிய இரண்டாமவரும் விழுவார். கழிவுத் தொட்டிகளிலும் மீன்பிடிக் கப்பல்களின் அடித்தளத்திலும் இப்படித்தான் ஒரே குடும்பம் போல நாலைந்து பேர் போகிறார்கள்.

கான்கிரீட்டை அமிலம் அரித்துவிடும் என்பது இரண்டாவது காரணம். அதைச் சொன்னால் உங்கள் மேலதிகாரி ஒருவேளை சீக்கிரம் கேட்பார். தரைக்கு மேல், அடியில் குழாய் வைத்த பிளாஸ்டிக் கலன், உள்ளே இறங்கத் தேவையில்லாத அமைப்பு. அவ்வளவுதான்.

---

செதில்காரன்

ஐயா, இதை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். தொட்டித் திட்டம் கைவிடப்பட்டது. கான்கிரீட் வரியைத்தான் அடிக்கோடிட்டிருந்தார், நீங்கள் சொன்ன மாதிரியே.

---

வரப்புமேடு

நல்ல காலம். தம்பி, தெளிப்பானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே மிதக்கும் எண்ணெயை எடுக்காமல் ஊற்றினால் நாசில் அடைக்கும், இலையில் படலம் போடும், வெயிலில் கருகும். மத்தி, அயிலை மாதிரி எண்ணெய் மீன் என்றால் நான் சாற்றை நன்றாகச் சூடாக்கி, ஓரிரவு அசையாமல் வைத்து மேலே கட்டியதை வழித்துவிடுவேன். பிறகு இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டு. சொட்டுநீரில் விடுவதாக இருந்தால் அதற்கும் மேலே மெல்லிய சல்லடை வேண்டும், விட்டபின் வெறும் தண்ணீர் கால் மணி நேரம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள் வழுவழு என்று பாசி மாதிரி பிடித்துக்கொள்ளும்.

செம்பு, கந்தகம் கலந்த பூஞ்சை மருந்தோடு சேர்த்து அடிக்காதே. எனக்கு ஒருமுறை மிளகாய் இலை முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் கருகியது.

---

அமிலமானி

ஐயாவின் கடைசி வரிக்குக் காரணம் உண்டு. அமினோ அமிலம் செம்பைக் கட்டிப்பிடித்து இலைக்குள் இழுத்துச் சென்றுவிடும். வெளியே நிற்க வேண்டிய செம்பு உள்ளே போனால் இலைக்கு நஞ்சு.

கூடவே சில எச்சரிக்கைகள். உப்பிட்ட மீன், கருவாட்டுக் கழிவு இவற்றைப் போடாதீர்கள், சோடியம் மண்ணில் தங்கிவிடும். கடல் மீன் கழிவையும் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அலசும் தண்ணீரில் குளோரின் மிகுந்தால் லாக்டிக் பாக்டீரியா வளராது. கணவாயின் குடலைத் தனியே ஒதுக்குங்கள், அதன் ஈரலில் காட்மியம் சேர்ந்திருக்கும். சுறா, பெரிய சூரை போன்ற வேட்டை மீன்களில் பாதரசம் கூடுதல், அவற்றையே முழுநேர மூலப்பொருளாக்காதீர்கள். பச்சையாகத் தின்னும் கீரைக்கு இலையில் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள். நுண்ணுயிர்ப் பயம் போக வேண்டும் என்றால் சாற்றைச் சூடாக்குவதுதான் வழி. மட்கவைக்கும், சாண எரிவாயு எடுக்கும் கூடங்களில் விலங்குக் கழிவுக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் அளவு 12 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டு, 70 டிகிரி, ஒரு மணி நேரம்.

---

செதில்காரன்

சோதனை முடிந்தது. மிளகாய் நாற்று, நாலு வகை, ஒவ்வொன்றும் நாலு பாத்தி, சீட்டுக் குலுக்கித்தான் இடம் போட்டேன். மொலாசஸ் சாறு என்பதால் வெல்லத் தண்ணீருக்குப் பதில் மொலாசஸ் தண்ணீர். அளந்தது என் தங்கை, அவளுக்கு எது எது என்று தெரியாது.

மட்கு நிறையப் போட்ட பாத்திகளில் நாலுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசமில்லை, அவள் அளவுகோலுக்கும் இல்லை. சந்தேகி சிரிப்பது கேட்கிறது. நாற்றைப் பிடுங்கி நட்ட அன்று வேரில் ஊற்றியதில்தான் ஒன்று தெரிந்தது. நட்டபின் வந்த கடும் வெயிலில் மீன் சாறு ஊற்றியவை தலை தூக்கியது முன்னதாக. யூரியாப் பாத்திகள் அதற்கு அடுத்து. மொலாசஸும் வெறும் தண்ணீரும் ஒன்றுபோல. காய் எடையில் என்ன வரும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

---

சந்தேகி

சிரிக்கவில்லை. வாடிய நாள் எத்தனை, எத்தனை செடி என்று எண் கொடுங்கள், அப்புறம் தொப்பியைப் பற்றிப் பேசலாம். இன்னொரு நடவில் மறுபடி செய்யுங்கள், ஒரே வெயிலை நம்ப முடியாது. காய் பிடிக்கும் நேரத்தில் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். சத்து குறைவுதான் என்றாலும், அந்த நேரத்தில் இலைக்கு ஊக்கம் தேவையில்லை, கொழுகொழு இலை அசுவினியைக் கூப்பிடும்.

---

வரப்புமேடு

வேரில் ஊற்றினது வேலை செய்ததா? நான் ஆறு வருடமாக இலைக்குத்தான் அடிக்கிறேன். அடுத்த நடவில் நானும் பாதியை வெறும் தண்ணீராக விட்டுப் பார்க்கிறேன். சந்தேகித் தம்பிக்காக இல்லை, எனக்கே இப்போது அரிக்கிறது.

---

செதில்காரன்

எண்களைத் தங்கையிடம் வாங்கி நாளை ஏற்றுகிறேன், ஐயா. அதற்குள் ஒரு கேள்வி. வடிகட்டியதில் முள் மட்டும் ஒரு டிரம் சேர்ந்துவிட்டது. காயவைத்தால் கையால் நொறுங்குகிறது.

---

அமிலமானி

பொடித்துவிடுங்கள், மணிச்சத்தும் சுண்ணாம்பும்தான் அது. புளிப்பு மண்ணுக்குக் கொடுத்தால் மெல்லக் கரையும். காரமான மண்ணில் அப்படியே கிடக்கும், அங்கே வீணாக்க வேண்டாம். மண்ணின் பிஹெச் பார்த்தீர்களா? தாள் கையில்தானே இருக்கிறது.